மாயக்கலையும் மறுமுறை வரும் சுவைஞரும்

கலை எதுவாயினும் அதனைக் காண்பாரின்றி அது நிறைவுறுவதில்லை. கவிதை ஏட்டில் உறங்கலாம். ஓவியம் சுவரில் காத்திருக்கலாம். ஆனால் மாயவித்தையோ, பார்ப்பவன் வியக்கும் அந்த ஒரு நொடியில் மட்டுமே உயிர் வாழ்வது. எனவே, மக்களை அரங்கிற்கு அழைக்கும் விளம்பரம் பிற கலைகளுக்குத் துணையாக அமைய, மாயக்கலைக்கோ அதன் உறுப்பாகவே அமைந்துவிடுகிறது. அவ்விளம்பரம் எத்தகையதாய் இருத்தல் வேண்டும், சிறப்பாக, ஒரே ஊரில் நிலைத்து நின்று குடும்பத்தினர்க்காக நடத்தப்பெறும் காட்சிக்கு அது எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

ஊர்தோறும் செல்லும் வித்தைக்காரனுக்கும் ஓரிடத்தில் நிலைத்தவனுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னவன் ஒருமுறை அதிர்ச்சியூட்டினால் போதும். அவன் சொல்லியது மிகையென ஊரார் உணர்வதற்குள் அடுத்த ஊரை அடைந்திருப்பான். பின்னவனுக்கு அவ்வசதி இல்லை. 40,000 மக்கள் வாழும் ஓர் ஊரில் 800 பேர் அமரும் அரங்கு 50 நாள்கள் நிறைந்தால் கணக்கு முடிந்துவிடும். அதன்பின் வருவோர் முன்பு வந்தவராகவே இருப்பர். ஆகவே, நிலைத்த காட்சிக்குச் செய்யும் விளம்பரம் முதன்முறை வருவோரை ஈர்ப்பதோடு அமையாது, மறுமுறை வருவோரின் நம்பிக்கையையும் காத்தல் வேண்டும்.

அதிர்ச்சி விளம்பரத்திற்கு 1921ஆம் ஆண்டு இலண்டனில் பி.டி. செல்பிட் செய்தது தக்க சான்று. பெண்ணைப் பெட்டியிலிட்டு அறுக்கும் வித்தையை மேடையேற்றிய அவர், அரங்கின் வெளியே நோயாளர் வண்டியை நிறுத்தினார். வாளியில் செந்நிற நீரைக் கொணர்ந்து தெருவோரச் சாக்கடையில் கொட்டச் செய்தார். கூட்டம் திரண்டது. 1956இல் வங்காளத்து மாயவித்தைக் கலைஞர் பி.சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியில் இதே வகை வித்தையைச் செய்துகொண்டிருக்கையில் நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட, அப்பெண் இறந்தே போனாள் என அஞ்சிய நேயர்களின் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அவருடைய இலண்டன் காட்சிகளுக்கு அதனினும் பெரிய விளம்பரம் வேறு வேண்டியிருக்கவில்லை. இவை திறமையான விளம்பரங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு திங்களும் வரவேண்டிய ஒரு தாயை இவை அழைக்குமா? அச்சத்தால் கூடிய கூட்டத்தை மீண்டும் கூட்ட, முன்னதினும் பெரிய அச்சம் தேவைப்படும். அதற்கு முடிவேது?

இதற்கு மாறான நெறியை ஜான் நெவில் மாஸ்கலினிடம் காண்கிறோம். செல்டன்ஹாம் நகரில் கடிகாரத் தொழில் பயின்ற இவர், நண்பர் ஜார்ஜ் குக்குடன் இணைந்து 1873ஆம் ஆண்டு இலண்டன் பிக்காடில்லியில் இருந்த எகிப்திய மண்டபத்திற்கு வந்தார். சில திங்களுக்கென வந்தவர் 1904 வரை, முப்பத்தோராண்டுக் காலம், அங்கேயே நிலைத்தார். தம் அரங்கை அவர் 'இங்கிலாந்தின் மர்ம இல்லம்' என விளம்பரப்படுத்தினார். இத்தொடரில் 'மர்மம்' என்னும் சொல் ஆவலைத் தூண்டுகிறது. 'இல்லம்' என்னும் சொல் அச்சத்தைப் போக்குகிறது. இசைக்கூடங்கள் குடும்பத்தினர் செல்லத்தகாதன எனப் பலரும் கருதிய காலத்தில், மனைவி மக்களுடன் துணிந்து வரலாம் என்னும் உறுதிமொழியை அந்த ஒரு சொல் சுமந்து நின்றது. நாள்தோறும் 3 மணிக்கும் 8 மணிக்கும் காட்சி என்று சுவரொட்டிகளில் இடைவிடாது அறிவித்ததும் எளிய செய்தியன்று. நேரம் மாறாமை நம்பகத்தின் அடையாளம்.

மாஸ்கலினின் விளம்பரத்தில் மற்றொரு நேர்மையும் உண்டு. ஆவிகளை வரவழைப்பதாகக் கூறிப் பிறர் பொருளீட்டிய காலத்தில், தாம் செய்வன யாவும் மனிதக் கைத்திறனே, பொறித்திறனே என அவர் வெளிப்படையாக அறிவித்தார். 'ஏமாற்றப் போகிறேன்' என முன்கூட்டியே சொல்லி ஏமாற்றுபவன் பொய்யன் ஆகான், அவன் கலைஞன். குழந்தைகள் முன் நிகழும் காட்சிக்கு இவ்வேறுபாடு உயிர்நாடியானது.

எனினும் அவரும் ஓரிடத்தில் இடறினார். தம் பெட்டி வித்தையைப் போன்ற பெட்டியைச் சரியாகச் செய்து காட்டுவார்க்கு 500 பவுன் பரிசு என விளம்பரம் செய்தார். இருவர் ஒரு பெட்டியைச் செய்து வந்தனர். அது தம் பெட்டியின் உண்மையான நுட்பம் அன்று என அவர் மறுக்க, வழக்கு நீதிமன்றம் ஏறியது. முடிவில் அவர் பணத்தைக் கொடுக்க நேர்ந்தது. மேடையில் பேசும் சொல் விளையாட்டாகலாம். சுவரொட்டியில் அச்சிட்ட சொல் வாக்குறுதியே என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

அவருடன் 1893இல் சேர்ந்து பின்னர்ப் பங்காளியான டேவிட் டெவன்ட், 'எல்லாம் அன்பினால் ஆவது' என்னும் பொருள்படும் வாசகத்தைத் தம் முழக்கமாகக் கொண்டார். அவர் அவையிலிருந்து ஒரு சிறுவனையும் சிறுமியையும் மேடைக்கு அழைப்பார். ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் முட்டைகளை அச்சிறுவன் கைகளில் அடுக்கித் தாங்க முடியாமல் திண்டாட, அவையே நகைப்பில் ஆழும். முழக்கமும் செயலும் இங்கு ஒன்றுபடுகின்றன. மேடையேறிய குழந்தை வீடு திரும்பியதும், பள்ளி சென்றதும் சொல்லும் கதையை எந்தச் சுவரொட்டியால் வெல்ல இயலும்?

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துப் பெவர்லி நகரில் நிகழ்ந்த முயற்சி, இந்நெறியை மேலும் ஒருபடி உயர்த்தியது. கியூபாவில் பிறந்து உளவியல் பேராசிரியராய் விளங்கிய செசாரியோ பெலாயஸ் என்பார் தம் குழுவினருடன், 1920இல் கட்டப்பெற்ற பழைய திரையரங்கு ஒன்றை வாங்கிப் புதுப்பித்தார். 1977ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 'லெ கிராண்ட் டேவிட்' என்னும் மாயக்காட்சி அங்குத் தொடங்கியது. ஏறத்தாழ 40,000 மக்களே வாழும் அந்நகரில், 2012ஆம் ஆண்டு வரை முப்பத்தைந்தாண்டுகள், 2,000க்கும் மேற்பட்ட முறை அக்காட்சி நடைபெற்றது. மேடையில் தோன்றுவோரே ஆடை தைத்தனர், திரை தீட்டினர், கருவிகள் செய்தனர், நுழைவுச்சீட்டும் விற்றனர். நேற்றுச் சிறுவராய் அறிமுகமானோர் வளர்ந்து கலைஞராய் நிற்பதை ஊரார் ஆண்டுதோறும் கண்டனர். வித்தையின் முடிவு தெரிந்த பின்னும் அவர்கள் வந்தமைக்குக் காரணம் இதுவே. புதுமையைக் காண்பதற்காக அன்று, தம்மவரைக் காண்பதற்காக வந்தனர்.

இம்முயற்சியின் குறையையும் சுட்டுதல் திறனாய்வின் கடமை. 2012 மார்ச்சில் பெலாயஸ் மறைந்தார். அதே ஆண்டு மே திங்களோடு காட்சியும் முடிவுற்றது. ஒருவரின் ஆளுமையைச் சுற்றி எழுந்த அன்பு, அவருக்குப்பின் கலையை நிலைநிறுத்தப் போதுமானதாயில்லை போலும். மாஸ்கலின் 1917இல் மறைந்த பின்னரும் அவர்தம் குடும்பத்தார் புனித ஜார்ஜ் மண்டபத்தில் 1933 வரை தொடர்ந்தனர் என்பதை இத்துடன் ஒப்பிட்டு நோக்கல் தகும். அழைப்பு, கலைஞனின் பெயரை மட்டும் பரப்பாது, அரங்கிற்கு வரும் பழக்கத்தையே பரப்புதல் வேண்டும்.

இதுகாறும் கண்டவற்றால் மூன்று அளவுகோல்கள் புலனாகின்றன. விளம்பரம் மேடை தரக்கூடியதற்கு மேல் ஒன்றும் சொல்லலாகாது. அது கூட்டத்தை நோக்கிப் பேசாது வீட்டை நோக்கிப் பேச வேண்டும். காட்சி முடிந்து திரும்புவோரின் வாய்ச்சொல்லையே தன் தலையாய கருவியாகக் கொள்ளல் வேண்டும். இவை மாயக்கலைக்கு மட்டும் உரியன அல்ல. பள்ளி நாடகம் நடத்தும் ஆசிரியர்க்கும், இலக்கிய விழாவிற்கு அழைப்பிதழ் அச்சிடும் மாணவர்க்கும் இவை பொருந்தும். வியப்பை ஒருமுறை விற்றுவிடலாம். நம்பிக்கையையோ ஒவ்வொரு முறையும் புதிதாக ஈட்டியே ஆகவேண்டும்.