பதமும் பரிமாறலும்

இத்தாலியச் சமையலில் பெரும்பாலான பண்டங்களுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். அடுப்பிலிருந்து இறங்கிய ரிசோட்டோ என்ற அரிசிப் பண்டம் தட்டில் தளரத் தளரப் பரவி நிற்கும். பேச்சில் நேரம் போனால் களிபோல் இறுகிவிடும். வெண்ணெயும் சீஸும் சேர்த்துக் குலுக்கிய பாஸ்தா, சூடு ஆற ஆறச் சாற்றையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும். பொரித்த கணவாய் வளையங்களின் மொறுமொறுப்பு போய்விடும். எஸ்பிரெஸ்ஸோவின் மேல் மிதக்கும் பொன்னிற நுரை கலைந்துவிடும். சமையல்காரர் பிடித்த பதத்தை உண்பவரின் நாக்கு வரை கெடாமல் கொண்டுசேர்ப்பவர் பரிமாறுபவர். ஆகவே உயர்தர இத்தாலிய உணவகத்தில் அடுக்களையும் உணவுக்கூடமும் ஒரே தொழிலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு தட்டு அருமையாகவும் அடுத்த தட்டு சப்பென்றும் வருவதும், அக்கறையில்லாத உபசரிப்பும் அங்கே பெரும்பாலும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

இந்தச் சமையல் வீட்டு அடுப்பில் பிறந்தது. பெல்லெக்ரினோ அர்த்தூசி 1891இல் ஃபிளாரன்ஸ் நகரில் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட சமையல் நூல், வீட்டுக் கைப்பக்குவங்களைத் தொகுத்துத்தான் இத்தாலி முழுவதற்கும் பொதுவான சமையல் மொழி ஒன்றைத் தந்தது. வீட்டுச் சமையலுக்குரிய சிக்கனம் பெரிய உணவகங்களிலும் தொடர்கிறது. ரோமாபுரியின் காச்சோ எ பெப்பே என்ற பண்டத்தில் பாஸ்தா, பெக்கோரினோ என்னும் செம்மறியாட்டுப் பால் சீஸ், மிளகு என்று மூன்றே பொருள்கள். கார்போனாராவில் முட்டையும், குவான்சாலே எனப்படும் பதப்படுத்திய பன்றிக் கன்ன இறைச்சியும் கூடுதலாகச் சேரும், க்ரீம் கிடையாது. பொருள்கள் குறைவு என்பதால் பிழையை மறைக்க இடமில்லை. மிளகு பழையதென்றால் அது தெரிந்துவிடும். தண்ணீரில் உப்பு குறைந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

முறையான இத்தாலிய விருந்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆன்டிபாஸ்டோ எனப்படும் தொடக்க உணவு. அடுத்து ப்ரீமோ: பாஸ்தா, ரிசோட்டோ, சூப் ஆகியவற்றில் ஒன்று. பிறகு செகோண்டோ: மீன் அல்லது இறைச்சி. அதற்குத் துணையாகக் காய்கறி தனித் தட்டில் வரும். இனிப்பு முடிந்த பிறகே காப்பி. ஒன்றை எல்லோரும் உண்டு முடித்து, தட்டுகள் எடுக்கப்பட்ட பிறகே அடுத்தது வர வேண்டும். ப்ரீமோ பாதியில் இருக்கும்போது மீன் வந்து நின்றால் இரண்டில் ஒன்று வீணாகும். நாற்பது நிமிடம் ஒன்றும் வராமல் இருந்துவிட்டு, அடுத்தடுத்து மூன்று தட்டுகள் வந்தாலும் விருந்தின் ஓட்டம் அறுந்துவிடும். மேசையைப் பார்த்து, அடுக்களைக்கு ‘இப்போது போடலாம்’ என்று சொல்பவர் கூடத்தில் நிற்கும் பரிமாறுபவர். அவர் கண் தவறினால் தேர்ந்த சமையல்காரரின் கையும் தவறியதாகவே முடியும்.

மேசைக்கு முதலில் வருவது ரொட்டி. டஸ்கனி மாநிலத்து ரொட்டியில் உப்பே போடுவதில்லை. அங்கே உப்பு ஏறிய இறைச்சியோடும் சீஸோடும் அதை உண்பது மரபு. இதைச் சொல்ல ஆளில்லாவிட்டால் விருந்தினர் ரொட்டியில் உப்பு மறந்துபோனதாக நினைப்பார். பரிமாறுபவர் ஒரு வாக்கியத்தில் விளக்கினால் அதே ரொட்டி சுவைக்கத் தொடங்கும். தொடக்கத் தட்டில் வரும் புர்ராட்டா என்ற சீஸ், புலியா மாநிலத்து அந்திரியா ஊரின் பெருமை. மெல்லிய உறைக்குள் க்ரீமும் பிய்த்த சீஸ் நார்களும் நிறைந்த முடிச்சு அது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு தட்டில் வைத்தால் உள்ளே இருப்பது இறுகி, மணமற்றுக் கிடக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கத்தி பட்டதும் வழிந்து பரவும். உணவக அடுப்பில் ஏறாத பண்டத்துக்கும் பதம் உண்டு என்பதற்கு இது சான்று.

பாஸ்தாவில் இரண்டு குடும்பங்கள். உலர்ந்த பாஸ்தா டுரம் என்ற கடினக் கோதுமையின் ரவையால் ஆனது. இத்தாலியில் அதை வேறு கோதுமையில் செய்து விற்கக் கூடாது என்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வெண்கல அச்சில் பிழிந்தால் அதன் மேல்புறம் சொரசொரப்பாக இருக்கும். சாறு அதில் பற்றிக்கொள்ளும். இன்னொன்று முட்டை சேர்த்துப் பிசைந்த புதுப் பாஸ்தா. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது எமிலியா வட்டாரத்துக் கணக்கு. அதை நீண்ட உருட்டுக்கட்டையால் துணிபோலத் தேய்த்து விரிக்கும் பெண்களுக்கு ஸ்ஃபோலீனா என்று தனிப் பெயரே உண்டு. அந்த விரிப்பைச் சுருட்டி நாடாவாக அரிந்தால் தல்யாத்தெல்லே. வெந்த நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று வரையறுத்து, தங்கத்தால் ஆன மாதிரி ஒன்றை 1972இல் போலோன்யா வணிகக் கழகத்தில் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒரு ஊர் தன் உணவின் அளவைப் பொன்னில் பொறித்து வைக்கிறது என்றால், அதைத் தட்டில் வைப்பவருக்கும் அந்த மதிப்பு தெரிந்திருக்க வேண்டும்.

பாஸ்தா வேகவைக்க இத்தாலியர் கைக்கொள்ளும் கணக்கு எளியது: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. கடித்தால் நடுவில் மெல்லிய எதிர்ப்பு பல்லுக்குத் தட்டுப்பட வேண்டும். அதுவே அல் டென்டே என்ற பதம். ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. முழுப் பதத்துக்கு ஓரிரு நிமிடம் முன்பே பாஸ்தாவை எடுத்து, அது வெந்த தண்ணீர் கொஞ்சத்தோடு வாணலியில் போட்டுக் குலுக்குவார்கள். தண்ணீரில் கரைந்த மாவுச்சத்து கொழுப்பையும் நீரையும் பிணைத்து, பளபளக்கும் சாறாக்கும். இதற்கு மான்தெகாத்தூரா என்று பெயர்.

காச்சோ எ பெப்பேயில் இந்தக் கலையை முழுமையாகக் காணலாம். வாணலியில் இடித்த மிளகை வெறுமனே வறுத்து, வாசனை எழும்பியதும் ஒரு கரண்டி பாஸ்தாத் தண்ணீர் விடுவார்கள். இன்னொரு கிண்ணத்தில் பூப்போலத் துருவிய பெக்கோரினோவை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைப்பார்கள். பாஸ்தா வாணலியில் சுழன்றபின் அடுப்பை அணைத்து, கொதிப்பு அடங்கக் காத்திருந்து, பிறகே சீஸ் விழுதைச் சேர்ப்பார்கள். சூடு சுமார் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சீஸின் புரதம் திரண்டு கட்டி கட்டியாகிவிடும். தண்ணீர் தனியே பிரியும். சீஸின் எடையில் 2 முதல் 3 விழுக்காடு மாவுச்சத்து இருந்தால் சாறு திரியாமல் நிற்கும் என்று இத்தாலிய இயற்பியலாளர்கள் 2025இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். ரோமாபுரிச் சமையல்காரர்கள் அளவுகோல் இல்லாமல் கைப்பழக்கத்தில் பிடித்துவந்த பதம் இது. கூட்டம் நெரியும் இரவில் அந்த அரை நிமிடக் காத்திருப்பைத் துறப்பதால்தான் ஒரே உணவகத்தில் ஒரு மேசைக்குப் பட்டுப்போன்ற சாறும் அடுத்த மேசைக்குத் திரிந்த சாறும் போகின்றன.

ரிசோட்டோவில் சோதனை இன்னும் கடுமை. கார்னரோலி, ஆர்போரியோ, வியலோனே நானோ போன்ற குண்டு அரிசிகளே அதற்கு உகந்தவை. அரிசியைக் கழுவக் கூடாது. மேலிருக்கும் மாவுச்சத்துதான் சாறாக வேண்டும். முதலில் அரிசியை வெறும் சூட்டில் அல்லது கொழுப்பில் புரட்டுவார்கள். பிறகு ஒயின் விட்டு வற்றவிட்டு, கொதிக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். 16 முதல் 18 நிமிடம் அடுப்பை விட்டு நகர முடியாது. இறக்கியதும் குளிர்ந்த வெண்ணெயும் துருவிய பார்மிஜானோவும் போட்டு வேகமாக அடிப்பார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ குறைந்தது 12 மாதம் முதிர வேண்டிய சீஸ். ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டுக்கு 550 லிட்டர் பால் செல்கிறது. சட்டியை ஒரு பக்கம் சாய்த்து ஆட்டினால் ரிசோட்டோ கடலலைபோல் எழுந்து மடிய வேண்டும். ‘அலைப் பதம்’ என்றே இதைச் சொல்வார்கள்.

இத்தாலியில் பல உணவகங்கள் ரிசோட்டோவை இருவருக்குக் குறைவாகச் செய்வதில்லை என்றும், 20 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றும் உணவுப் பட்டியலிலேயே அச்சிட்டிருக்கும். அது நேர்மையான வழக்கம். மாறாக, நீண்ட பட்டியல் வைத்திருக்கும் உணவகங்கள் அரிசியை முக்கால் வேக்காட்டில் இறக்கித் தட்டில் பரப்பி ஆறவைத்து, கேட்கும்போது சாறு விட்டுச் சூடாக்கித் தருகின்றன. நேரம் மிச்சமாகும்; பருக்கையின் நடுவில் இருக்க வேண்டிய உறுதி போய்விடும். மிலான் நகரத்து மேதை குவால்தியேரோ மார்கேசி 1981இல் குங்குமப்பூ ரிசோட்டோவைத் தட்டையாகப் பரப்பி, மேலே தங்கத் தகடு ஒன்றை வைத்தார். தகடு புகழ் தேடித் தந்தது. அது நிற்பதற்குச் சமமான மஞ்சள் பரப்பு வேண்டும். அந்தப் பரப்பைத் தந்தது அரிசியின் பதம்.

செகோண்டோவில் கூடத்தின் கைத்திறன் வெளிப்படையாகத் தெரியும். முழு மீனை உப்புக் கூட்டுக்குள் வைத்துச் சுட்டு, மேசைக்கு அருகில் கொண்டுவந்து கூட்டை உடைப்பார்கள். கரண்டியும் முள்கரண்டியும் கொண்டே தோலை நீக்கி, முதுகெலும்பை ஒரே இழுப்பில் எடுத்து, சதை உதிராமல் தட்டில் வைப்பதற்குப் பல ஆண்டுப் பழக்கம் தேவை. ரோமாபுரியில் அல்ஃப்ரேதோ டி லேலியோ தம் ஃபெட்டுசீனே பாஸ்தாவை விருந்தினர் கண்முன்னே வெண்ணெயும் பார்மிஜானோவும் சேர்த்துப் புரட்டிப் பரிமாறியே உலகப் புகழ் பெற்றார். பரிமாறும் தட்டிலேயே பண்டம் முழுமை அடைந்தது.

உபசரிப்பிலிருந்து பண்டமே பிறந்ததும் உண்டு. வெனிஸ் நகரில் 1931இல் ஹாரிஸ் பாரைத் தொடங்கிய ஜூசெப்பே சிப்ரியானியிடம், வெந்த இறைச்சி கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்த சீமாட்டி ஒருவர் வந்தார். அவருக்காகப் பச்சை மாட்டிறைச்சியைக் காகிதம்போல் அரிந்து சிப்ரியானி பரிமாறினார். அதன் சிவப்பைக் கண்டு ஓவியர் கார்பாச்சோவின் பெயரை அதற்குச் சூட்டினார். 1950இல் நடந்ததாக அந்த உணவகத்தின் வரலாறு இதைச் சொல்கிறது. மாந்துவா அருகே ரூனாத்தே கிராமத்தில் இருக்கும் தால் பெஸ்கத்தோரே உணவகத்தில் நாதியா சான்தீனி அடுக்களையையும் அவர் கணவர் அந்தோனியோ கூடத்தையும் கவனித்துக்கொண்டார்கள். 1996இல் மிஷலின் உணவக வழிகாட்டியின் மூன்று நட்சத்திரம் பெற்ற அந்த இடத்தின் பெருமை, பூசணியும் பாதாம் பிஸ்கட்டும் அடைத்த தொர்த்தெல்லி. குடும்பமே இரு பக்கமும் நின்றதால் கைக்கும் கண்ணுக்கும் நடுவே இடைவெளி விழவில்லை.

அந்த இடைவெளி விழுந்தால் என்னவாகும் என்பதற்கும் பதிவு உண்டு. நியூயார்க்கில் டஸ்கனிக்காரரான சிரியோ மச்சோனி நடத்திய லெ சிர்க் உணவகம் பெரும்பாலும் பிரெஞ்சுச் சமையலுக்குப் பேர்பெற்றது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ரூத் ரைக்ல் 1993இல் அங்கே வேடமிட்டுச் சாதாரண ஆளாகப் போனார். காக்கவைத்தார்கள், வசதியில்லாத மேசை தந்தார்கள், ஒயின் பட்டியலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அடையாளம் தெரிந்த நாளில் மேசை உடனே கிடைத்தது. இனிப்போடு வந்த ராஸ்பெரிப் பழங்கள்கூடப் பெரிதாயின. நாளிதழின் நான்கு நட்சத்திர மதிப்பை அவர் மூன்றாகக் குறைத்தார். ஆளைப் பார்த்து உபசரிக்கும் கூடம், தட்டில் வரும் பழத்தையும் ஆளைப் பார்த்தே பொறுக்குகிறது என்பதை அந்த விமர்சனம் நிறுவியது.

மிஷலின் நட்சத்திரம் உபசரிப்பை அளப்பதில்லை. தட்டில் இருப்பதை மட்டுமே அளக்கிறது. அதன் ஐந்து அளவைகளில் ஒன்று, பட்டியல் முழுவதிலும் காலம் கடந்தும் தரம் ஒரே சீராக இருப்பது. எத்தனை பெரிய அடுக்களையிலும் கை தவறும். மோதெனா நகரில் மாஸ்ஸிமோ பொத்தூரா நடத்தும் ஒஸ்தேரியா ஃபிரான்செஸ்கானாவில் சமையல்காரர் ஒருவர் கையிலிருந்து எலுமிச்சை டார்ட் தவறி விழுந்து உடைந்தது. பொத்தூரா அந்த உடைந்த வடிவத்தையே அமைப்பாக்கி, புகழ்பெற்ற இனிப்பாக நிலைநிறுத்தினார். பிழையை மறைக்காத அடுக்களைக்கு அது முன்மாதிரி. கூடத்துக்கும் அதே நேர்மை பொருந்தும். குழைந்த பாஸ்தாவை மறுபேச்சின்றி எடுத்துச்சென்று, புதிதாகச் செய்து வருவது உபசரிப்பின் உயர்ந்த வடிவம்.

விருந்து எஸ்பிரெஸ்ஸோவில் முடிகிறது. 7 கிராம் தூள், 25 வினாடி, 25 மில்லிலிட்டர் என்பது இத்தாலிய எஸ்பிரெஸ்ஸோ நிறுவனம் வகுத்த அளவு. இயந்திரத்திலிருந்து மேசைக்கு அது நடந்துவரும் தூரத்தையும் கணக்கில் வைப்பதே நல்ல கூடம்.

இத்தாலிய உணவகத்தை மதிப்பிட விரும்புபவர் விலை உயர்ந்ததைக் கேட்க வேண்டியதில்லை. தக்காளிச் சாறு சேர்த்த ஸ்பகெட்டி ஒன்றும் எஸ்பிரெஸ்ஸோ ஒன்றும் போதும். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை ஒரு முறையும், நெரிசலான சனிக்கிழமை இரவு ஒரு முறையும் போக வேண்டும். இரண்டு நாளும் ஒரே பதத்தில், ஒரே முகமலர்ச்சியோடு வந்தால் அது நல்ல உணவகம்.