எலும்பும் பெயரும்

துப்பறியும் நாவலைப் படிப்போர் பொதுவாக வினவுவது, “கொன்றவன் யார்?” என்பதே. இலங்கையிற் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அனில்ஸ் கோஸ்ட்’ என்னும் ஆங்கில நாவலோ, “கொல்லப்பட்டவன் யார்?” என்று வினவுகின்றது.

பண்டாரவளைக் குகையொன்றிலே, பழங்கால எலும்புகளிடையே அண்மைக்கால எலும்புக்கூடொன்றும் கிடைக்கின்றது. அரசின் காவலுக்குட்பட்ட இடமாதலின் ஐயமும் அரசின்மீதே விழுகின்றது. தடயவியல் மானிடவியலாளர் அனிலும் தொல்லியலாளர் சரத்தும் அதனை ஆராய்கின்றனர். இறந்தவன் முன்பு கள்ளிறக்கியவன், பின்பு சுரங்கத்தில் உழைத்தவன் என்பதை எலும்பிற் பதிந்த தொழிலின் சுவடுகள் உணர்த்துகின்றன. ஈற்றில் ருவன் குமார என்ற பெயரும் தெரியவருகின்றது. ஆயினும் கொலையாளி தண்டிக்கப்படவில்லை. உண்மைக்குத் துணைநின்ற சரத்தே உயிரிழக்கின்றான்.

முடிச்சு முற்றும் அவிழவில்லையே எனக் குறைகூறுவோர் உளர். அக்குறை காலத்தினது என்க. 2012இல் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் மனித எலும்புகள் வெளிப்பட்டபோது, தொல்லியலாளர் ராஜ் சோமதேவ அவ்வாய்விற் பங்குகொண்டார். 150க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் அங்கே தோண்டியெடுக்கப்பட்டன. நாவலாசிரியர் கற்பனையிற் கண்டது, நம் மலைநாட்டு மண்ணிலேயே மெய்யாய் வெளிப்பட்டது.

பெயரிழந்தவனுக்குப் பெயரை மீட்டளித்தலும் நீதியின் ஒரு கூறாகும். அதனை உணர்த்துவதாலேயே இந்நாவல் வெறும் பொழுதுபோக்கு நூல்களினின்றும் உயர்ந்து நிற்கின்றது.