கதைக்குப் பொருந்திய குற்றவாளி

கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் யாதென வகுப்பறையில் வினவினால், ஊழ்வினை என்பான் ஒருவன். பொற்கொல்லனின் வஞ்சம் என்பான் மற்றொருவன். ஆராயாது ஆணையிட்ட பாண்டியனின் பிழை என்பாள் இன்னொருத்தி. மூன்றும் பரீட்சைக்குப் போதிய விடைகளே. ஆயினும், கொலைக்களக் காதையைச் சற்று நின்று படிப்போர் வேறொன்றையும் காண்பர். அரசனது ஆணை கிடைத்த பின்னரும் காவலர் உடனே வாளை ஓங்கினாரல்லர். கோவலனைக் கண்டதும், இவன் கள்வனுக்குரிய தோற்றமுடையான் அல்லன் என்று தயங்குகின்றனர். அத்தயக்கத்தைப் போக்கப் பொற்கொல்லன் சான்று எதனையும் காட்டவில்லை; கதை சொல்கிறான். கள்வர்க்குத் துணையாகும் எட்டினை விரிக்கிறான். முன்னொருகால் அரசகுமாரனின் ஆரத்தைக் கவர்ந்த கள்வனின் திறமையை வருணிக்கிறான். அதைக் கேட்டிருந்த காவலன் ஒருவனுக்கும் ஒரு கதை நினைவு வருகிறது: மழைக்கால நள்ளிரவில் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வனின் கதை. கதைகள் முடிகின்றன, கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான். சொல்லப்பட்ட கதைகள் எவற்றிலும் கோவலன் இல்லை என்பதை எவரும் கவனித்தாரல்லர்.

இளங்கோ காட்டும் இந்நிகழ்ச்சி களவுக் குற்றச்சாட்டொன்றைப் பற்றியது. கொலைக் குற்றச்சாட்டிலோ கதைப் பசி பன்மடங்காகிறது. ஒரு கொலை நிகழ்ந்ததும் சமுதாயம் அஞ்சுகிறது; அச்சத்தைத் தணிக்க ஓர் ஆள் வேண்டும்; அந்த ஆளைப் பற்றி ஒரு கதை வேண்டும். சான்றுகள் ஒவ்வொன்றாக, மெல்லவே வந்து சேர்வன. கதையோ மறுநாட் காலைப் பத்திரிகையுடன் வந்துவிடுகிறது. பின்னர் வரும் சான்றுகள் எல்லாம் அக்கதைக்குப் பொருந்துமா பொருந்தாவா என்றே அளக்கப்படுகின்றன. இதில் இலக்கியத்திற்கும் ஒரு பங்குண்டு என்பது நமது கருத்து. பாத்திரத்தின் குணத்திலிருந்து அவன் செயல் தவறாது பிறக்க வேண்டும் என்று நாவலாசிரியரிடம் நாம் எதிர்பார்க்கிறோம். மாணவருக்கும் அவ்வாறே கற்பிக்கிறோம். நாவலைப் பொறுத்தவரை அது நியாயமான எதிர்பார்ப்பே. அதே எதிர்பார்ப்பை நீதிமன்றத்துக்குள் கொண்டு செல்லும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது.

இதனைத் தம் கலைக்குள்ளேயே வைத்து விசாரணை செய்தவர் தஸ்தயேவ்ஸ்கி. 1879 முதல் 1880 வரை வெளிவந்த ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலின் பன்னிரண்டாம் பகுதிக்கு ‘நீதிப் பிழை’ என்ற பொருளில் அவர் தலைப்பிட்டார். முடிவை மறைத்து வாசகனை ஏங்கவைக்கும் துப்பறியும் கதைக்காரரின் உபாயம் அவருக்குத் தேவைப்படவில்லை. தந்தையைக் கொன்றவன் மூத்த மகன் திமீத்ரி அல்லன், சமையற்காரனாக இருந்த ஸ்மெர்தியாகோவே என்பதை வாசகன் வழக்குக்கு முன்னரே அறிவான். அறிந்துகொண்டே வழக்கைப் பார்க்கும்போது, பொய்யான ஒரு முடிவு எத்தனை உண்மைகளால் கட்டப்படுகிறது என்பதைக் காண்கிறோம். திமீத்ரி முன்கோபி, ஊதாரி, பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் தந்தையோடு பகைத்தவன், கொல்வேன் என்று பலர் கேட்கக் கூறியவன், குடிவெறியில் அதனைக் கடிதமாகவும் எழுதியவன். அன்றிரவு பித்தளை உலக்கையோடு தந்தையின் தோட்டத்துக்குள் ஏறிக் குதித்தான். கைகளில் இரத்தத்தோடு வெளியே வந்தான். இவை யாவும் உண்மையே. அவன் கொன்றான் என்பது ஒன்றே பொய்.

இப்பகுதியில் நம்மை மிகவும் தடுத்து நிறுத்துவது முதிய வேலையாள் கிரிகோரியின் சாட்சியமாகும். தோட்டத்தை நோக்கிய கதவு திறந்திருந்தது என்று அவன் ஆணையிட்டுக் கூறுகிறான். அது திறந்திருக்கவில்லை. அவன் பொய்யனல்லன், திமீத்ரியிடம் பகை தீர்க்க வந்தவனுமல்லன், கண்டதாக உறுதியாக நம்புகிறான், அவ்வளவே. கொலை வழக்குகளிற் பொய்ச்சாட்சியைக் காட்டிலும் ஆபத்தானது இந்த நேர்மையான தவறு. பொய்யனைக் குறுக்கு விசாரணையில் மடக்கலாம். நேர்மையாளனை மடக்க முயலுந்தோறும் அவனுடைய உறுதியே கூடுகிறது. அரச வழக்குரைஞரும் கொடியவரல்லர். நோயாளி, தம் திறமை மதிக்கப்படவில்லை என்ற ஏக்கமுடையவர், தாம் சொல்லும் கதையைத் தாமே முழுமையாக நம்புகிறவர். அவர் வரையும் திமீத்ரியின் உளவியற் சித்திரம் அழகானது. அதே உண்மைகளை எடுத்துத் தலைநகர் வழக்குரைஞர் வேறொரு சித்திரம் வரைகிறார். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. மண்டபத்தில் நிறைந்திருந்த சீமாட்டிகளோ, அவன் குற்றவாளி என்பதில் ஐயமின்றியே அவன் விடுதலையாக வேண்டுமென விரும்பியவர்கள். அவர்களுக்கு அது நாடகம். தீர்ப்பளித்த பன்னிருவருள் அறுவர் விவசாயிகளும் பட்டினத்துக் கைவினைஞரும், நால்வர் உத்தியோகத்தர், இருவர் வணிகர். அவ்வாறிருக்க, தீர்ப்பைச் சொல்லும் அதிகாரத்தின் தலைப்பில் விவசாயிகளை மாத்திரம் தஸ்தயேவ்ஸ்கி பெயர் சுட்டியது அவருடைய அரசியற் சார்பின் வெளிப்பாடேயன்றி வேறில்லை. உத்தியோகத்தரும் அதே தீர்ப்பைத்தானே அளித்தனர்!

இக்கதை அவருடைய வெறுங் கற்பனையன்று. 1850 முதல் 1854 வரை ஓம்ஸ்க் சிறையில் அவர் கடூழியத் தண்டனை அனுபவித்தபோது, தந்தையைக் கொன்றவன் எனத் தண்டிக்கப்பட்ட முன்னாள் இராணுவ அதிகாரி ஒருவரும் அங்கிருந்தார். பின்னர் எழுதிய ‘மரண வீட்டின் குறிப்புகள்’ நூலின் தொடக்கத்தில் அம்மனிதரைத் தந்தைக் கொலைஞராகவே அவர் அறிமுகஞ் செய்தார். அக்குற்றத்தை முதலில் நம்ப இயலவில்லையெனினும், அவருடைய ஊரவர் எடுத்துக் கூறிய விவரங்கள் நம்பாதிருக்க இடந்தரவில்லை என்றும் அங்கே எழுதப்பட்டுள்ளது. நூலின் இரண்டாம் பாகம் வெளிவருவதற்குள் சைபீரியாவிலிருந்து செய்தி வந்தது: அம்மனிதர் நிரபராதி, உண்மைக் குற்றவாளிகள் அகப்பட்டனர், அவர் பத்தாண்டுகள் வீணே துன்புற்றார். தஸ்தயேவ்ஸ்கி அதனை அந்நூலிலேயே பதிவு செய்தார். ஏறக்குறைய இருபதாண்டுகளின் பின் எழுதிய நாவலில், ஊரவர் கூறும் விவரங்கள் எவ்வாறு நம்பாதிருக்க இடந்தராமற் போகின்றன என்பதை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆராய்ந்தார்.

இந்நாவலை மனத்திற் கொண்டு நமது நாட்டு வழக்கொன்றை நோக்குதல் தகும். 1951 அக்டோபர் 9ஆந் திகதி பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் திருமதி சதாசிவம் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். உடல் மோட்டார்க் கொட்டகையிற் கிடந்தது. கணவர் மகாதேவ சதாசிவம், 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவர். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கெதிராக இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர். நாடறிந்த துடுப்பாட்டக்காரர், நாடறிந்த உல்லாசியுங் கூட. மனைவி விவாகரத்து வழக்குத் தொடுத்திருந்தார். கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கொழும்பு தன் தீர்ப்பை எழுதிவிட்டது. அவ்வீட்டில் சில நாட்களே வேலை செய்திருந்த வில்லியம் என்ற இளைஞர் பின்னர் கைதானார். இறந்தவரின் நகைகள் அவர் கைக்கு வந்திருந்தன. எசமானரே கொன்றார், தாம் உடனிருந்து உதவினார் என்று அவர் கூறினார். நிபந்தனையுடன் மன்னிப்பளித்து அவரை அரச தரப்புச் சாட்சியாக்கினர்.

1953 மார்ச்சில் நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் தொடங்கிய விசாரணை 57 நாட்கள் நடந்தது. சதாசிவம் அன்று முற்பகலில் வாடகைக் காரொன்றில் வீட்டைவிட்டுச் சென்றார். அவர் சென்றபோது மனைவி உயிரோடிருந்தாரா என்பதே வழக்கின் முடிச்சு. உடல் குளிர்ந்த அளவையும் உணவு செரித்த அளவையுங் கொண்டு, பேராசிரியர் டி சேரம் கொலை நேரத்தை முற்பகலில் வைத்தார். எதிரிக்காக எடின்பரோவிலிருந்து வந்த சேர் சிட்னி ஸ்மித் அக்கணிப்பை மறுத்தார். (தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்கள் குளிரும் வேகத்தை அளந்து டி சேரமும் உடன் பணியாற்றியோரும் 1955இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். சாவின் நேரத்தை அறியும் கலைக்கு அரசின் தூக்குமேடையே ஆய்வுகூடமாயிற்று!) எதிரிக்காக வாதாடியவர் சமசமாஜத் தலைவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. உல்லாசி என்பதும் கொலைஞன் என்பதும் இருவேறு குற்றச்சாட்டுகள். முன்னதனால் பின்னதை நிறுவ முடியாது. அவ்வெளிய வேறுபாட்டை ஜூரிமார் மனத்திற் பதியவைக்க 57 நாட்கள் தேவைப்பட்டன. ஜூன் மாதம் ஜூரிமார் அவரை ஒருமனதாக விடுவித்தனர். இருபது மாதங்களுக்கும் மேல் மறியலில் இருந்தவர் வீடு சென்றார். பிழைத்திருந்தால், அந்நாட் சட்டப்படி அவருக்குரியது தூக்கு.

பலரும் இவ்விடத்தில் கதையை முடித்துக்கொள்கின்றனர்: அவசரப்பட்ட ஊர், ஆற அமர ஆராய்ந்த நீதிமன்றம், காப்பாற்றப்பட்ட நிரபராதி. நமக்கோ இங்குதான் உறுத்தல் தொடங்குகிறது. சதாசிவம் கொல்லவில்லையெனின் கொன்றவர் யார்? இவ்வினா எழுந்த கணமே ஊர் இரண்டாந் தீர்ப்பை எழுதியது: வேலைக்காரனே. எதிரித் தரப்பு வாதமும் அதுவே. சிட்னி ஸ்மித் 1959இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பு நூலிலும் வில்லியமைச் சுட்டியே எழுதினார். அவ்வழக்கைப் பற்றி இன்றுவரை எழுதுவோர் பலர், அந்த இளைஞரின் குற்றத்தை நிறுவப்பட்ட வரலாறு போலவே கூறிச் செல்கின்றனர். அவர் கொலைக் குற்றத்துக்காக ஒருபோதும் விசாரிக்கப்பட்டவரல்லர். அவருக்காக எந்த நியாயதுரந்தரரும் 57 நாட்கள் நின்று வாதாடவில்லை. கடல் கடந்து எந்தப் பேராசிரியரும் வரவில்லை. அவர் நிரபராதி என்று நாம் கூறவில்லை. அவருக்கெதிரான ஐயங்கள் வலியன. ஒருவரின் குற்றம் ஐயத்துக்கு அப்பால் நிறுவப்படவில்லை என்ற தீர்ப்பு, மற்றொருவரின் குற்றம் நிறுவப்பட்டது என்று பொருள்படாது என்பதையே கூறுகிறோம்.

ஸ்மெர்தியாகோவின் நிழல் இங்கே விழுவதை வாசகர் கண்டிருப்பர். நாவலில் எசமானரின் மகன் நிரபராதி, சமையற்காரனே கொலைஞன். அது நமக்குத் தெரிவது, ஸ்மெர்தியாகோவ் இவானிடம் தன் வாயால் ஒப்புக்கொள்ளும் இடத்தில் ஆசிரியர் நம்மை அமரவைத்ததனால். பம்பலப்பிட்டி வீட்டில் அவ்வாறு எவரும் நம்மை அமரவைக்கவில்லை. நாவலாசிரியருக்குரிய ஞானத்தைப் பத்திரிகை வாசகன் தனதாக்கிக்கொள்ளும்போது அவன் இலக்கிய ரசிகனாகவில்லை. அந்த மதுரைக் காவலரோடு கூடி நின்று கதை கேட்கிறான். வர்க்கத்தின் கைவரிசையையும் இங்கே காணலாம். சதாசிவத்தின் மீதான தீர்ப்பை ஊர் மாற்றிக்கொள்ள ஒரு மாபெரும் வழக்குத் தேவைப்பட்டது. வில்லியம் மீதான தீர்ப்புக்கு, அவர் வேலைக்காரர் என்பதும் நகை கையிலிருந்தது என்பதும் போதுமாயின. 2006இல் பேராசிரியர் இரவீந்திர பெர்னாண்டோ இவ்வழக்கைப் பற்றி விரிவான நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அத்தகைய நூல்களைப் படிப்போர், நீதிமன்றத்தில் எவரெவருக்கு வழக்குரைஞர் இருந்தனர், எவருக்கு இல்லை என்பதையும் குறித்துக்கொண்டு படித்தல் நன்று.

மதிப்புள்ளவரின் சொல்லே மெய்யாகும் என்ற நம்பிக்கை எங்கு கொண்டுசெல்லும் என்பதற்கு இலண்டன் உதாரணம் உண்டு. எழுத்தறிவு மிகக் குறைந்த வான் சாரதி திமதி இவான்ஸ், தன் குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டு 1950 மார்ச் 9இல் தூக்கிலிடப்பட்டார். அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பல வாக்குமூலங்கள் கொடுத்தவர், பொய்யர். அவருக்கெதிரான முக்கிய சாட்சி, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் வசித்தவரும் போர்க்காலப் பொலிஸில் சேவை செய்தவருமான கிறிஸ்டி. மூன்றாண்டுகளின் பின் கிறிஸ்டியின் குடியிருப்பில் பெண்களின் சடலங்கள் கண்டெடுக்கப்பட்டன. கொழும்பில் சதாசிவம் விடுதலையான அதே 1953 ஜூனில், இலண்டனில் கிறிஸ்டி கொலைஞரெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அப்போதும் அவசரமாக நடத்தப்பட்ட விசாரணையொன்று இவான்ஸே குற்றவாளி என்றது. மன்னிப்பு வழங்கப்பட்டது 1966 அக்டோபரில். தூக்கிலிடப்பட்டு பதினாறாண்டுகள் கழிந்திருந்தன.

நமது நாட்டில் மரணதண்டனையை நிறுத்திவைக்கும் சட்டம் 1958இல் வந்தது. அதனை ஆராய நோர்வல் மொரிஸ் தலைமையில் அமைந்த ஆணைக்குழு நிறுத்தம் நீடிக்க வேண்டுமென்றே பரிந்துரைத்தது. 1959 செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார். ஆணைக்குழுவின் வாதங்கள் கோபத்தின் முன் நிற்கவில்லை. சில மாதங்களுக்குள் தூக்குத் தண்டனை, முன்னர் நிகழ்ந்த கொலைக்கும் செல்லுபடியாகும் வகையில் மீட்கப்பட்டது. அவசரத்தில் எழுதிய அச்சட்டம் கொலைச் சதியைக் குறிப்பிட மறந்தமையால் சதிகாரர் இருவர் உயிர் தப்பினர். சுட்ட சோமராம 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். 1976இன் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லையெனினும் தண்டனை ஏட்டிலுண்டு; கொடிய கொலையொன்று நிகழுந்தோறும் அதனை எழுப்பும் குரல்களுமுண்டு. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது நாடெங்கும் அக்குரல் எழுந்தது. முதலிற் கைதானவர்களுள் ஒருவன் பாடசாலை மாணவன்; தான் சித்திரவதை செய்யப்பட்டதாக அவன் பின்னர் முறையிட்டான். அடுத்து ஒருவர் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் அறிவிக்கப்பட்டது. மரபணுச் சோதனை முடிவு வந்தது. அது மாணவனுக்கும் பொருந்தவில்லை. ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்டவருக்கும் பொருந்தவில்லை. 2016 மார்ச்சில் தண்டிக்கப்பட்டவர் வேறொருவர்.