காயங்களில் விளங்கும் ஒளி: ஐசன்ஹைம் பீட ஓவியமும் சுகமளித்தலின் இறையியலும்

சீர்திருத்த மரபில் வளர்ந்த திருச்சபைகள் ஓவியத்தை எப்போதும் ஒருவகைத் தயக்கத்தோடே நோக்கி வந்துள்ளன. விசுவாசம் செவியின் வழியே பிறக்கிறது என்னும் பவுலின் போதனையில் (ரோமர் 10:17) ஊன்றி நின்ற நம் முன்னோர், கண்ணின் வழியே வரும் பக்தியை ஐயுற்றதில் வியப்பில்லை. 1522ஆம் ஆண்டில் கார்ல்ஸ்டாட் விட்டன்பர்க் நகரில் உருவங்களை அகற்ற வேண்டுமென்று எழுதினார். அதே ஆண்டில் லூத்தர் அந்நகருக்குத் திரும்பிவந்து, உள்ளத்தில் உள்ள விக்கிரகம் நீங்காதவரை சுவரில் உள்ள படத்தை நீக்குவதால் பயனில்லை என்னும் கருத்துப்படப் பிரசங்கித்தார். கால்வினோ வழிபாட்டிடத்தில் உருவங்களுக்கு இடமே இல்லை என்றார். இவ்வழக்கு இன்றும் முற்றுப்பெறவில்லை.

இன்று அது புதியதொரு வடிவில் நம்முன் நிற்கிறது. ஒளியை வைத்துச் சோதனை செய்யும் காட்சி ஓவியங்கள் ஆன்மாவைத் தட்டியெழுப்புவன என்றும், அவற்றை நோக்கி அமர்ந்திருப்போரின் உடலும் உள்ளமும் குணம்பெறும் என்றும் பலர் கூறுகின்றனர். ஓவியத்தை ஆராதனைக்குரியதாக்குவதை மறுத்த நாம், ஓவியத்தை மருந்தாக்குவதைப் பற்றி என்ன சொல்லப்போகிறோம்? இவ்வினாவைப் பொதுப்பட ஆராய்வதைவிட, நோயாளிகளின் முன் வைப்பதற்கென்றே வரையப்பட்ட ஓர் ஓவியத்தை எடுத்து ஆராய்வது பயனுடையது. அத்தகைய ஓவியங்களுள் தலைசிறந்தது மத்தியாஸ் குரூனவால்ட் என்பார் 1512ஆம் ஆண்டிற்கும் 1516ஆம் ஆண்டிற்கும் இடையில் தீட்டிய ஐசன்ஹைம் பீட ஓவியமாகும்.

1. நோயும் மடமும்

அல்சாஸ் நாட்டிலுள்ள ஐசன்ஹைம் என்னும் சிற்றூரில் அந்தோனியார் சபைத் துறவிகளின் மடமொன்று இருந்தது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தோன்றிய அச்சபை, ‘அந்தோனியார் நெருப்பு’ எனப்பட்ட கொடிய நோய்க்கு ஆளானோரைப் பராமரிப்பதையே தன் பணியாகக் கொண்டிருந்தது. ரை என்னும் தானியக் கதிரில் படரும் ஒருவகைப் பூஞ்சணத்தின் நஞ்சினால் வரும் நோய் அது. அந்நஞ்சு இரத்தக் குழாய்களை இறுக்கும். கைகால்கள் நெருப்பில் இட்டாற்போல் எரியும். பின்னர் கருகி அழுகும். வலிப்பும் பேயுருக் காட்சிகளும் தோன்றும். நோயின் காரணம் தானியத்தில் உள்ளது என்பது பதினேழாம் நூற்றாண்டில்தான் மருத்துவர்களுக்குத் தெளிவாகத் தொடங்கிற்று. அதுவரை வறியோர் தங்கள் அன்றாட அப்பத்தினாலேயே நஞ்சுண்டு மடிந்தனர்.

துறவிகள் இந்நோயாளிகளுக்கு நல்ல கோதுமை அப்பம் கொடுத்தனர். மூலிகைத் தைலம் பூசினர். அந்தோனியாரின் எலும்புகள்மேல் ஊற்றி எடுக்கப்பட்ட திராட்சரசத்தைப் பருகத் தந்தனர். அழுகிய உறுப்புகளை வெட்டி நீக்கினர். மடத்தின் தலைவராயிருந்த கீதோ கெர்ஸி என்னும் இத்தாலியரே குரூனவால்டை அழைத்து, முன்னரே நிக்கொலஸ் ஹாகனவர் செதுக்கியிருந்த மரச் சிற்பங்களுக்கு ஓவியக் கதவுகள் அமைக்கச் செய்தார். புதிதாய் வந்த நோயாளிகள் சிகிச்சைக்கு முன் இப்பீடத்தின் எதிரே கொண்டுவரப்பட்டனர் என ஆய்வாளர் கூறுவர்.

ஓவியரைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். குரூனவால்ட் என்னும் பெயர் 1675ஆம் ஆண்டில் ஸாண்ட்ரார்ட் என்னும் நூலாசிரியர் தவறாக வழங்கிய பெயர். அவர் தம் உண்மைப் பெயர் மத்திஸ் கோட்ஹார்ட் நிட்ஹார்ட் என்பதாம். மைன்ஸ் பேராயர் ஆல்பிரக்டின் அரண்மனை ஓவியராய் அவர் பணியாற்றினார். 1517ஆம் ஆண்டில் பாவமன்னிப்புச் சீட்டுகளைக் குறித்து லூத்தர் மடல் எழுதியது இந்தப் பேராயருக்கே. 1528ஆம் ஆண்டில் ஹாலே நகரில் ஓவியர் மரித்தபின் அவர் உடைமைகளுக்கிடையில் லூத்தரின் எழுத்துக்கள் காணப்பட்டன. அவர் உள்ளத்தில் நிகழ்ந்தது யாதென்று நாம் முடிவுகட்ட வேண்டுவதில்லை. ஆயினும் இரு காலங்களின் எல்லையில் நின்ற மனிதர் அவர் என்பது தெளிவு.

2. சிலுவையின் இருள்

பீடம் மூன்று நிலைகளில் திறந்து மூடத்தக்கது. சாதாரண நாட்களில் அது மூடியே இருக்கும். அப்போது தோன்றுவது சிலுவைக் காட்சி. ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் உயரமுள்ள அப்பலகையில், கருமையும் பசுமையும் கலந்த வானத்தின் கீழ், மற்றெல்லாரினும் பெரிய உருவில் கிறிஸ்து தொங்குகிறார். அவர்தம் எடை தாங்காமல் சிலுவையின் குறுக்குமரம் வளைந்திருக்கிறது. விரல்கள் விறைத்து விரிந்து மேல்நோக்கி நிற்கின்றன. உடலெங்கும் முட்கள் தைத்த புண்கள். தோல் பச்சைபாய்ந்து கிடக்கிறது. நோயாளி தன் உடலில் கண்ட அதே நிறம், அதே புண்.

வலப்புறத்தில் நிற்பவர் யோவான் ஸ்நானன். சிலுவை நாளுக்கு முன்னரே தலைவெட்டுண்டவர் அங்கு நிற்பது வரலாற்றுப் பிழையன்று. சாட்சி சாவைக் கடந்தும் பேசுகிறது என்பதே ஓவியரின் கருத்து. அவருடைய நீண்ட விரல் கிறிஸ்துவைச் சுட்டுகிறது. அருகில் யோவான் 3:30 எழுதப்பட்டுள்ளது. கார்ல் பார்த் இவ்வோவியத்தின் படியொன்றைத் தம் எழுதுமேசைக்கு மேல் வைத்திருந்தார் என்பதும், இறையியல் முழுவதும் அவ்விரலைப் போன்றதாக இருக்கவேண்டும் எனக் கருதினார் என்பதும் நாம் நன்கறிந்தவை.

இப்பலகையில் ஒளி இல்லாமலில்லை. சூரியன் மறைந்த அவ்வேளையிலும் (மத்தேயு 27:45) மரியாளின் வெண்மையான ஆடைமீதும் அருள்நாதரின் உடல்மீதும் கடுமையான ஒளி விழுகிறது. ஆனால் அது ஆறுதல் தரும் ஒளியன்று. மறைக்க ஒன்றும் இடந்தராத ஒளி. நோயாளியின் புண்ணைத் துணியால் மூடாமல் பார்க்கும் மருத்துவனின் கண்ணை ஒத்தது அது. குணமாகுதலின் முதற்படி உண்மையைக் காண்பது என்பதை இப்பலகை ஒரு சொல்லுமின்றிக் கற்பிக்கிறது.

கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரே ஹேயம் 1989இல் வெளியிட்ட தம் நூலில் மற்றொன்றை எடுத்துக்காட்டினார். சிலுவை பலகையின் நடுவில் இல்லாமையால், கதவுகள் திறக்கும்போது கிறிஸ்துவின் ஒரு கை உடலினின்று பிரிகிறது. கீழேயுள்ள அடக்கக் காட்சியின் பலகை பிரியும்போது அவர் கால்கள் துண்டாகின்றன. கைகால்களை இழக்கவிருந்தோர் முன்னிலையில், ஆண்டவரும் உறுப்பிழந்தவராய்த் தோன்றினார். அந்தப் பிளவின் வழியாகவே அடுத்த காட்சியின் ஒளி புறப்படுகிறது.

3. உயிர்த்தெழுதலின் ஒளி

திருநாட்களில் திறக்கப்படும் இரண்டாம் நிலையில் தூதுரைப்பு, கிறிஸ்து பிறப்பு, உயிர்த்தெழுதல் ஆகியவை காட்சியளிக்கின்றன. பிறப்புக் காட்சியின் வானத்தில் பிதாவின் மகிமையிலிருந்து ஒளி பொழிய, சிறுசிறு தூதர்கள் அதனூடே இறங்குகின்றனர். எனினும் ஒளியைப் பற்றிய ஓவியரின் துணிவு முழுமையாய் வெளிப்படுவது வலக்கோடியில் உள்ள உயிர்த்தெழுதல் பலகையில்தான்.

அது நள்ளிரவு, வானில் விண்மீன்கள். கல்லறையினின்று எழும் கிறிஸ்துவைச் சுற்றிப் பெரியதோர் ஒளிவட்டம். இடைக்கால ஓவியர் பலர் மகிமையைக் காட்டப் பொற்றகடு ஒட்டினர். பொன் வெளியிலிருந்து வரும் ஒளியைத் திருப்பியனுப்பும், தானாக ஒளிராது. குரூனவால்ட் வண்ணத்தைக் கொண்டே ஒளியைப் பிறப்பித்தார். நடுவில் வெளிர்மஞ்சள், பின்னர் செம்மஞ்சளும் சிவப்பும், ஓரத்தில் நீலப்பச்சை, அப்பால் இருள் என வண்ணங்கள் ஒன்றிலொன்று கரைகின்றன. கிறிஸ்துவின் முகம் வட்டத்தின் நடுவில் ஒளியோடு ஒளியாய்க் கலந்து, கோடுகள் மங்கி நிற்கிறது. கல்லறையிலிருந்து அவரோடு எழும் அடக்கத்துணி குளிர்ந்த வெண்ணீலத்தில் தொடங்கி, ஊதாவாகி, மேலே அனலாய் மாறுகிறது. காவலர் குருடர்போல் தடுமாறி விழுகின்றனர். பலகைக்கு வெளியே விளக்கில்லை, கதிரவனில்லை. உயிர்த்த உடலே ஒளியின் ஊற்று.

இங்கே ஒரு தடையை எழுப்பலாம். முகம் ஒளியில் கரைவதும் உடல் எடையின்றி மிதப்பதும், கிறிஸ்து மெய்யான மாம்சத்தில் வரவில்லை, தோற்றமாத்திரமே கொண்டார் என்ற பழைய தப்பறைக்கு இடந்தராவோ? இத்தடை அற்பமானதன்று. ஒளியை மட்டும் விரும்பும் காட்சி ஓவியங்கள் பல இக்குழியில்தான் விழுகின்றன. அவற்றில் மனித உடல் மறைந்து, ஒளி மாத்திரம் மிஞ்சுகிறது. அழுவோர்க்கு அங்கே இடமில்லை. ஆனால் குரூனவால்ட் தம் ஓவியத்தை ஒன்றினால் காத்துக்கொண்டார். உயர்த்திய கைகளிலும், விலாவிலும், பாதங்களிலும் ஆணியும் ஈட்டியும் செய்த காயங்கள் சிவந்த மணிகளைப்போல் ஒளிர்கின்றன. சிலுவைப் பலகையில் உடலை மூடியிருந்த முட்புண்கள் யாவும் நீங்கித் தோல் தெளிந்துவிட்டது. இந்த ஐங்காயங்களோ நீங்கவில்லை. தோமாவிற்குக் காட்டப்பட்ட உடல் இதுவே (யோவான் 20:27). ஒளி காயத்தை அழிக்கவில்லை. காயத்தின் வழியாகவே விளங்குகிறது. இவ்வோவியத்தின் இறையியல் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது எனலாம்.

பார்த்தின் அடிச்சுவட்டில் வந்தோர் பெரும்பாலும் சிலுவைப் பலகையோடு நின்றுவிடுகின்றனர். ஒளியை நாடுவோர் உயிர்த்தெழுதல் பலகையைத் தனியே பெயர்த்தெடுத்துக் கொண்டாடுகின்றனர். இரண்டும் குறைபாடே. ஒரே பீடத்தின் முன்புறமும் உட்புறமுமாக இவை அமைந்துள்ளன. ஒன்றைத் திறந்தாலன்றி மற்றொன்றைக் காண இயலாது. நாள்தோறும் சிலுவை, திருநாளில் மகிமை என்னும் இவ்வொழுங்கு நோயாளியின் வாழ்வோடு பொருந்தியது. அவன் வலி நாள்தோறும் உண்டு. விடுதலையோ வாக்குத்தத்தமாய் மூடிய கதவுகளுக்குப் பின்னால் காத்திருந்தது.

4. ஓவியம் குணமாக்கிற்றா?

இனி நம் வினாவிற்கு வருவோம். நோயை நீக்கியது எது? நஞ்சற்ற அப்பமும், தைலமும், அறுவைக் கத்தியும், பரிவோடு பராமரித்த கைகளுமே என்று நேர்மையாகச் சொல்லவேண்டும். வண்ணங்களின் கலவைக்கு இரத்தக் குழாயைத் திறக்கும் ஆற்றல் இல்லை. ஓவியத்திலிருந்து ஏதோவொரு சக்தி புறப்பட்டு நோயைத் தீர்க்கிறது என்பது, மந்திரத் தகட்டின்மேல் வைக்கும் நம்பிக்கையினின்று வேறுபட்டதன்று. அம்மடத்தின் துறவிகளும் ஓவியத்தை மட்டும் காட்டி நோயாளியை அனுப்பிவிடவில்லை என்பது கருதத்தக்கது.

ஆயின் ஓவியம் வீணா? அன்று. மூன்றாம் நிலையில், அந்தோனியாரின் சோதனைக் காட்சியின் இடது மூலையில், வீங்கிய வயிறும் புண் நிறைந்த தோலுமாய் ஓர் உருவம் கிடக்கிறது. வலது மூலையில் ஒரு சிறு தாள். இயேசுவே, என் காயங்களை ஆற்ற நீர் ஏன் இங்கு இல்லை என்னும் பொருள்பட அதில் ஒரு முறையீடு எழுதப்பட்டுள்ளது. நோயாளியின் வாயில் வரத் துணியாத கேள்வியைப் பீடத்தின்மேலேயே எழுதிவைத்த திருச்சபை அது. கைவிடப்பட்டேன் என்னும் எண்ணம் நோயினும் கொடிது. அவ்வெண்ணத்திற்கு மருந்து தைலமன்று. தன்னைப்போல் புண்பட்டவர் ஒருவர் தனக்கு முன் சென்று, அக்காயங்களோடே மகிமையடைந்தார் என்னும் செய்தியே. இந்தப் பொருளில், இந்தப் பொருளில் மாத்திரமே, இவ்வோவியம் நலமாக்கும் ஓவியமாகும்.

குறைகளையும் மறைக்கவேண்டுவதில்லை. பீடத்தின் உள்நடுவில் அரியணையில் வீற்றிருப்பது அந்தோனியாரின் சிற்பம். கிறிஸ்துவும் பன்னிரு அப்போஸ்தலரும் அவர் காலடியில், அடிவரிசையில் வைக்கப்பட்டுள்ளனர். சிலுவைப் பலகையில் யோவான் சுட்டிய விரலை இவ்வமைப்பு மறுதலிக்கிறது. லூத்தர் எழுப்பிய கேள்வி ஏன் எழவேண்டியிருந்தது என்பதற்கு இப்பீடமே சான்று. எனினும் அக்கேள்விக்குரிய விடையும் இதே பீடத்தின் முதற் பலகையில் இருக்கிறது. 1518ஆம் ஆண்டில் ஹைடல்பர்க் நகரில் லூத்தர் சிலுவையின் இறையியலை மகிமையின் இறையியலினின்று பிரித்துக் காட்டுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ஓர் ஓவியர் அவ்வுண்மையை மரப்பலகையில் எழுதி முடித்திருந்தார்.

5. நமக்குரிய படிப்பினை

1792ஆம் ஆண்டில் புரட்சிக் காலத்தில் இவ்வோவியம் ஐசன்ஹைமிலிருந்து கோல்மார் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இன்று அங்குள்ள உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு வரை நடந்த சீரமைப்பில் பழுப்பேறிய மேற்பூச்சு நீக்கப்பட்டு, வண்ணங்கள் தெளிவு பெற்றன. இப்போது பலகைகள் தனித்தனியே நிறுத்தப்பட்டுள்ளமையால் எல்லாக் காட்சிகளையும் ஒரே நாளில் காணலாம். காண்போர்க்கு இது வசதி. ஆனால் காத்திருத்தல் என்னும் பாடம் மறைந்துவிட்டது.

நம் திருச்சபைகளிலும் காத்திருக்க மனமற்ற ஒரு சுகமளிக்கும் போதனை பரவியிருக்கிறது. இன்றே, இப்போதே சுகம் என்று அறிவிக்கப்படும் மேடையில், குணமடையாமல் வீடு திரும்புகிறவருக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இருப்பதில்லை; அவர் விசுவாசமே குறைபட்டது என்னும் பழி மட்டும் மிஞ்சுகிறது. இது உட்பலகையைக் காட்டி வெளிப்பலகையை மறைக்கும் போதனை. மறுபுறம், பாடுகளை மட்டும் பேசி, உயிர்த்தெழுதலை ஈஸ்டர் காலைக்கு மாத்திரம் ஒதுக்கிவிடும் போதகரும் நம்மிடையே உளர். இவர்கள் கதவைத் திறக்க மறந்தவர்கள்.

மருத்துவமனைப் படுக்கையருகே நிற்கும் போதகர் இவ்விரண்டையும் செய்ய அறிந்திருத்தல் வேண்டும். புண்ணை மறைக்காமல் நோக்க வேண்டும். மருத்துவரின் பணியைத் தேவனுடைய பணியாகவே மதிக்க வேண்டும். ஏற்ற வேளையில் கதவைத் திறந்து, காயமுள்ள கரங்களோடு எழுந்தவரைக் காட்ட வேண்டும். இருளிலிருந்து பிறக்கச் செய்யப்பட்ட ஒளி கிறிஸ்துவின் முகத்தில் தோன்றுகிறது என்று உரைத்த பவுல், அடுத்த வரிகளிலேயே மண்பாண்டத்தையும், உடலில் சுமந்துதிரியும் இயேசுவின் மரணத்தையும் பற்றிப் பேசுகிறார் (2 கொரிந்தியர் 4:6–10). ஒளியைக் குறித்த கிறிஸ்தவ ஓவியம் எதுவாயினும், சுகத்தைக் குறித்த கிறிஸ்தவப் பிரசங்கம் எதுவாயினும், இவ்வரிகளை ஒன்றினின்று ஒன்று பிரிக்காதிருக்கும்வரையே நம்பத்தக்கதாகும்.