எண்ணப்பட்டது பல்லா, ஆளா?

விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டேனியத் திருகு ஒன்றைப் பதித்து, அதன்மேல் பல்லைக் கட்டும் முறை இன்று வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நம் தோல் ஊர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. 'இம்பிளான்ட்' என்ற சொல்லோடு கூடவே ஓர் எண்ணும் வருகிறது: நூற்றுக்கு 95 வெற்றி, 98 வெற்றி என்று. தோல் ஷாப்பில் நாள் கூலிக்கு உழைப்பவர் நகையை அடகு வைத்துக்கொண்டு போய், இந்த எண்ணை நம்பித்தான் நாற்காலியில் சாய்கிறார். பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பல் வலி கண்டவர்களுக்குத் தெரிந்த அளவே. ஆனால் அளவீடு இயற்பியல்காரனின் தொழில். ஆகவே அந்த எண்ணைச் சற்றுத் தட்டிப் பார்ப்போம்.

இதற்கு மூலமான கட்டுரை 1981இல் வெளிவந்தது. அதன் பின்னணி சுவையானது. சுவீடன் நாட்டுப் பிரோனெமார்க் 1952இல் முயலின் எலும்பினுள் இரத்த ஓட்டத்தைக் காண ஒரு டைட்டேனியக் கூட்டைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்றப் போனால் வரவில்லை; எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965இல் முதல் மனிதருக்குப் பல் திருகு பதிக்கப்பட்டது. அன்று முதல் 15 ஆண்டுகள் கிடைத்த அனுபவத்தைத்தான் அடெல், லெக்ஹோம், ராக்லர் ஆகியோர் பிரோனெமார்க்குடன் சேர்ந்து அக்கட்டுரையில் எழுதினார்கள். பல்லே இல்லாத 410 தாடைகள், 371 நோயாளிகள், 2768 திருகுகள்.

இந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். வந்தவர்களை வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். தமக்கு வசதியானவர்களைப் பொறுக்கவில்லை. முடிவுகளையும் பிரித்துக் காட்டினார்கள். 5 முதல் 9 ஆண்டுகள் கவனிக்கப்பட்ட ஒரு பகுதியில், மேல் தாடைத் திருகுகளில் 81 சதவீதமும் கீழ்த் தாடைத் திருகுகளில் 91 சதவீதமும் நிலைத்து நின்றன. ஆனால் அவற்றின்மேல் கட்டிய பல் வரிசையைக் கணக்கிட்டால் மேலே 89, கீழே 100!

ஒரே வாய், ஒரே மருத்துவர், இரண்டு எண்கள். இது எப்படி? ஆறு கால்கள் உள்ள மேசையில் ஒரு கால் ஒடிந்தாலும் மேசை விழாது அல்லவா? அதுபோலத்தான். அடெல் குழுவினர் இரண்டையும் எழுதினார்கள். விளம்பரம் எழுதுபவருக்கோ ஒன்று போதும். அது எதுவாக இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

மூன்றாவதாக ஓர் எண்ணும் உண்டு. கற்பனையாக ஒரு கணக்குப் போடுங்கள். 50 பேருக்கு ஆளுக்கு இரண்டாக 100 திருகுகள். 5 திருகுகள் கழன்றன. திருகுக் கணக்கில் வெற்றி 95 சதவீதம். கழன்றவை ஐந்து வெவ்வேறு வாய்களில் இருந்தால், ஏமாந்தவர் பத்தில் ஒருவர். 'என் பல் நிற்குமா?' என்று கேட்பவருக்குத் தேவை இந்த ஆள் கணக்கே. மேலும், ஒரே வாயிலுள்ள திருகுகள் ஒரே எலும்பையும், ஒரே புகைப் பழக்கத்தையும், ஒரே சர்க்கரை நோயையும் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றைத் தனித்தனிச் சோதனைகளாக எண்ணுவது, ஒரே நாணயத்தின் படத்தை நூறு பிரதி எடுத்துவிட்டு நூறு முறை சுண்டியதாகச் சொல்வதற்குச் சமம்.

'வெற்றி' என்றால் என்ன? 1986இல் ஆல்பிரெக்ட்சன் முதலியோர் வகுத்த விதிகளில் ஒன்று, முதல் ஆண்டுக்குப் பிறகு திருகைச் சுற்றிய எலும்பின் தேய்வு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது. இதை எக்ஸ்-கதிர்ப் படத்தில் அளக்கிறார்கள். படம் ஒரு நிழல்தான். கதிர் சாய்ந்தால் நிழல் நீளும், குறுகும். பிரோனெமார்க் திருகின் புரியிடைத் தூரமே 0.6 மி.மீ. அதில் மூன்றிலொரு பங்கை நிழலில் பிடிக்க வேண்டும். திருகு அளவியின் மீச்சிற்றளவைக் குறிக்காத மாணவனுக்கு நாம் மதிப்பெண் குறைக்கிறோம். அளவீட்டுப் பிழையைச் சொல்லாத ஆய்வுக்கும் அதே நீதிதான்.

இனி நம் ஊருக்கு நன்கு பழக்கமான ஒரு பொருள். தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன். அதன் முப்புரிக் கயிறு போன்ற அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் வெளியிட்டார்கள். இயற்கைப் பல்லை எலும்போடு பிணைப்பதும் இதே கொலாஜன் நார்தான், சுமார் 0.2 மி.மீ. இடைவெளியில் மெத்தைபோல் அமைந்து, நரம்பு முனைகளையும் தாங்கி நிற்கிறது. கல்லைக் கடித்ததும் பல் கூசுவது அதனால்தான். திருகுக்கு இந்த மெத்தை கிடையாது. எலும்போடு நேரே ஒட்டியிருக்கிறது. அதைச் சுற்றி அழற்சி வந்து எலும்பு கரைந்தாலும் பல நேரங்களில் வலிப்பதில்லை. ஆகவே 'வலி இல்லை, நன்றாக இருக்கிறது' என்ற தொலைபேசிப் பதில் ஆய்வாகாது. ஆளை வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ரயில் ஏறி வருகிறார்கள். ஐந்தாண்டு கழித்துப் படம் எடுத்துப் பார்க்க மட்டும் அவர்களில் எத்தனை பேர் மீண்டும் வருவார்கள்? தோல் ஷாப் தொழிலாளிக்கோ ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் கூலி போன நாள். 100 பேரைச் சேர்த்து, 70 பேர் திரும்பி வந்து, அவர்களில் 67 பேர் நலம் என்றால் வெற்றி 96 சதவீதம் என்று எழுதலாம். வராத 30 பேரும் தோல்வி என்று கொண்டால் 67. உண்மை இவற்றுக்கிடையில் எங்கோ இருக்கிறது. வராதவர்களின் எண்ணிக்கையைச் சொல்லாத கட்டுரை அந்த இடைவெளியையே மறைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அதிகம் புகைப்பவரையும் சர்க்கரை கட்டுப்படாதவரையும் பல ஆய்வுகள் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன. விலக்குவது தவறன்று; விலக்கப்பட்டவரிடம் அதே எண்ணைச் சொல்லித் திருகு விற்பதுதான் தவறு.

பணம் யாருடையது என்பதும் முக்கியம். தொழில் நிறுவனங்களோடு தொடர்புடைய ஆய்வுகளில் திருகுத் தோல்வி குறைவாகவே பதிவாகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2010இல் ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

நம் நாட்டில் மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வை அதில் பதிய வேண்டும் என்பது 2018 ஏப்ரல் முதல் விதி. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். எதை அளக்கப் போகிறார்கள், திருகையா, பல் வரிசையையா, ஆளையா, எத்தனை மாதங்களுக்கு என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். அங்கே 12 மாதம் என்று இருந்து, விளம்பரத்தில் 'பத்தாண்டு வெற்றி' என்று வந்தால், அந்தப் பத்தாண்டு அந்த ஆய்விலிருந்து வந்ததன்று.