மட்டம் இறங்க இறங்க

வைகை அணையின் நீர்மட்டம் தினமும் பத்திரிகையில் வரும். தேனி மாவட்டத்துக்காரர் யாருக்கும் 71 அடி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. சங்கு ஊதிவிட்டால் ஆற்றங்கரைக்காரர்கள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மேடேறுவார்கள். மட்டம் ஏறினால் ஊருக்கே சந்தோஷம், இறங்கினால் கவலை. நீர்ப்பறவை பார்க்கிறவர்கள் அதே எண்ணை வேறு கண்ணோடு படிக்கிறார்கள். அணை ததும்பி நிற்கையில் அவர்களுக்கு அங்கே அதிக வேலை கிடையாது. பாசனத்துக்குத் தண்ணீர் போய், தை மாசி வாக்கில் ஓரமெல்லாம் சேறு தெரிய ஆரம்பித்ததும்தான் பைனாகுலரைத் துடைத்து வைப்பார்கள். விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனாலும் இறங்குகிற தண்ணீர் திறந்துவைக்கும் விருந்து தனி.

போடிநாயக்கனூரை வெளியூர்க்காரர்கள் ஏலக்காயை வைத்துத்தான் அறிவார்கள். ஸ்பைசஸ் போர்டின் ஏலம், போடிமெட்டுச் சாலை, குரங்கணி, கொழுக்குமலை என்று எல்லோர் பார்வையும் மேலே போகிறது. மலைச்சரிவு முடிந்து தரை தட்டையாகிற இடத்தில் பங்காருசாமி நாயக்கர் கண்மாய், மீனாட்சிபுரம் கண்மாய் என்று நீர்நிலைகள் கிடப்பதைச் சுற்றுலா வருகிறவர்கள் கவனிப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்க, இந்தப் பக்கம் நமக்குச் சாரலும் காற்றும்தான். ஆனால் மேலே பெய்த மழை கொட்டகுடி ஆறாக இறங்கி வரும். பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பிலிருந்து 18-ஆம் கால்வாய் வழியாக மலையடிவாரம் நெடுக வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நேராகவே பெய்து மிச்சத்தை நிரப்பும். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறவைகள் தெற்கே வந்து சேருகிற காலமும் அதுதான்.

நிறைந்த கண்மாய்க்கு ஒரு கூட்டம், பாதிக் கண்மாய்க்கு ஒரு கூட்டம், சேற்றுக் கண்மாய்க்கு ஒரு கூட்டம் என்று வரும். கலுங்கு வழியாக மறுகால் பாய்கிற நேரத்தில் முங்கி மீன் பிடிப்பவைதான் ராஜாங்கம் நடத்தும்: நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான். தண்ணீர் கொஞ்சம் இறங்கி, அடியில் இருக்கும் பாசியும் செடியும் எட்டுகிற ஆழத்துக்கு வந்தால் வாத்துகள் வரும். தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கி மேய்கிற ஊசிவால் வாத்துக்குக் கழுத்து எட்டுகிற ஆழம்தான் கணக்கு. முழங்கால் அளவுக்கு வந்துவிட்டால் மஞ்சள் மூக்கு நாரை நிற்கும்; கரண்டிவாயன் அலகைப் பக்கவாட்டில் வீசி வீசித் துழாவும்; நத்தைகுத்தி நாரை நத்தையை எடுத்துக்கொண்டு கரையேறும். அதன் பிறகு நெடுங்கால் உள்ளான். தண்ணீர் வெறும் ஈரமாகி, சேறு பளபளக்கும்போது சின்ன உள்ளான்கள். காலின் நீளமும் அலகின் நீளமும் நீரின் ஆழத்தோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இது. ஒரே கண்மாயை ஒரு பருவம் முழுக்க விடாமல் பார்க்கிறவருக்கு இந்த வரிசை கண்முன்னே நடக்கும். பல ஊருக்கு ஓடிப் பார்க்கிறவருக்கு இந்தச் சுகம் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

மலை மேலே இருக்கும் தண்ணீரில் இந்த வரிசை இவ்வளவு துலங்காது. போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை வழியாகப் போனால் ஆனையிறங்கல் அணை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் சரிவான கரையும் ஆழமும் உள்ள மலை நீர்த்தேக்கத்தில் சேறு அகலமாக விரியாது, கால் ஊன்ற இடம் குறைவு. தேக்கடியில் பெரியாறு ஏரிக்குள் மூழ்கி நிற்கும் பட்டமரங்கள் உண்டு. 1895-ல் அணை கட்டித் தேக்கிய தண்ணீரில் செத்த காட்டின் மிச்சம் அவை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கும் காட்சிக்காகவே போகலாம். உள்ளான் தேடுகிறவர் மலையிறங்கித்தான் வர வேண்டும்.

அபூர்வமான பறவையைக் கண்டுபிடிப்பது அதிர்ஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடைகளில் வேலை செய்யும் பெண்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சல்லடையில் சலித்து எட்டு மில்லி, ஏழு மில்லி என்று அளவு பிரிந்து வந்த பிறகும், குவியலுக்குள் வெளிறியதும் வெடித்ததும் கிடக்கும். பேச்சு நிற்காது, கை மட்டும் போய் அந்த ஒன்றை எடுத்து ஒதுக்கும். ஆயிரம் நல்ல காய் கண்ணில் பதிந்திருப்பதால்தான் அந்த ஒரு காய் தானாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது. கண்மாயிலும் அதுதான் வித்தை. நாமக்கோழியையும் புள்ளிமூக்கு வாத்தையும் சலிக்காமல் பார்த்தவர் கண்ணுக்குத்தான், அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் சின்னதாக, தலையைக் கொஞ்சம் வேறு மாதிரி வைத்துக்கொண்டு மிதப்பது படும். அது நீலச்சிறகியாக இருக்கும்.

நீலச்சிறகியைப் பற்றி இரண்டு வார்த்தை. வலசை வாத்துகளில் முந்தி வருவது அது. வந்த புதிதில் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தை பிறந்து போகப்போக ஆணின் தலையில் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை ஒன்று பிறை போல எழும்பி, பிடரி வரை வளைந்து இறங்கும். ஊருக்குத் திரும்பும் முன் மாப்பிள்ளைக் கோலம் கட்டுகிறது. அந்தப் பட்டை நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வருவதைப் பார்த்தவருக்கு, மார்ச்சில் ஒரு காலையில் கண்மாய் காலியாகக் கிடந்தால் காரணம் கேட்கத் தோன்றாது.

இந்தக் கலையின் நுணுக்கம் உச்சத்துக்குப் போவது சேற்று ஓரத்து உள்ளான்களில். கொசு உள்ளான் என்று ஒன்று உண்டு. சிட்டுக்குருவி அளவுதான்; சேற்றைத் தையல் மெஷின் வேகத்தில் கொத்திக்கொண்டே ஓடும். அதன் நெருங்கிய உறவு பச்சைக்கால் கொசு உள்ளான். தூரத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒரு மாசி மாதக் காலையில், மடைக்குப் பக்கத்தில் ஆடு மிதித்த குளம்புத் தடத்தில் தேங்கியிருந்த தண்ணீரை ஒட்டி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் சேரவில்லை. மற்றவை திறந்த சேற்றில் ஓடியாட, இது மட்டும் புல்லோரமாக, முதுகைத் தாழ்த்தி, அவசரமில்லாமல் நகர்ந்தது. நெஞ்சு முழுக்க ஒரே சீரான மங்கல் பழுப்பு. கொசு உள்ளானுக்கு நெஞ்சின் நடுவில் வெள்ளை அதிகம். காலைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால் கால் முழுக்கச் சேறு. சேறு பூசினால் எந்தக் காலும் கறுப்புதான். காத்திருந்தேன். தண்ணீருக்குள் நாலடி வைத்து வெளியே வந்தபோது கழுவின காலில் மஞ்சள் கலந்த பச்சை தெரிந்தது. ஆட்டுக்காரர் அதட்டிய சத்தத்தில் அது விசுக்கென்று செங்குத்தாக மேலே ஏறியது. விரிந்த வாலின் இரண்டு ஓரத்திலும் சுத்த வெள்ளை, சின்னதாக ஒரு கிணுகிணுப்பு. கால், நெஞ்சு, வால், குரல், எழும்பிய விதம் என்று ஐந்தும் ஒரே பெயரைச் சொல்லின. ஒரு ராகத்தை ஆலாபனையின் முதல் பிடியிலேயே ஊகித்து, பிறகு ஒவ்வொரு சஞ்சாரமும் அதை உறுதி செய்ய உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இந்த மகிழ்ச்சி புரியும்.

வைகை அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர்களும், கண்மாய் உள்வாயில் ஆடு மேய்க்கிறவர்களும் இந்த வட்டாரத்தின் முதல் பார்வையாளர்கள். அவர்களிடம் கேட்காமல் கண்மாயைச் சுற்றுவது வீண் அலைச்சல். “மேலயிருந்து காலை நீட்டிக்கிட்டு விழுகும், விழுந்தா மீனோடதான் எந்திரிக்கும்” என்று ஒருவர் சொன்னால் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம், விராலடிப்பான் வந்திருக்கிறது. பருந்துகளிலேயே உடம்பு முழுக்க நீரில் பாய்ந்து மீனைத் தூக்குவது அதுதான். பிடித்த மீனைத் தலை முன்னே இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு பறக்கும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. இதைப் பரிசல்காரர் நடித்தே காட்டுவார். பறவைக்கு அவர் வைத்த பெயர் வேறாக இருக்கலாம். அவர் சொல்லும் நடத்தையில் பிசகு இருக்காது.

பார்த்ததைப் பகிர்வது இந்தக் கலையின் மறுபாதி. முன்பு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழுக்குக் கடிதம் எழுதுவார்கள். ஜாஃபர் ஃபதேஅலி நடத்திய பறவை ஆர்வலர் செய்தி மடலில் சின்னக் குறிப்புகள் வரும். இப்போது 2002-ல் தொடங்கிய இ-பேர்ட் பதிவேடும் கையில் உள்ள போனும் போதும். அந்த வட்டாரத்துக்கு வழக்கமில்லாத பறவையையோ எண்ணிக்கையையோ பதிந்தால் அது விவரம் கேட்கும். தன்னார்வலர் ஒருவர் சரிபார்ப்பார். “என் கண்ணை நம்ப மாட்டார்களா” என்று சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். பச்சைக்கால் கொசு உள்ளான் என்று பெயரை மட்டும் எழுதினால் அது அறிவிப்பு. கால் நிறம் எப்போது தெரிந்தது, எழும்பும்போது வால் எப்படி இருந்தது என்று எழுதினால், அங்கே இல்லாதவரும் பார்க்கிறார். நல்ல குறிப்பு எழுதுவதற்கும் நல்ல தமிழ் வேண்டும். மா. கிருஷ்ணனின் கட்டுரைகளை, தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலில், ஒரு முறையாவது படித்துவிட்டு எழுத உட்காருங்கள் என்று இளைஞர்களிடம் சொல்வேன். பறவைக்குத் தமிழ்ப் பெயர் தேடி அலைகிறவர்களுக்கு க. ரத்னம் தொகுத்த ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ இருக்கிறது.

காலில் வளையம் மாட்டிய பறவையைக் கண்டால் அந்தச் செய்தியின் மதிப்பே வேறு. பம்பாய்க் கழகத்தார் கோடிக்கரையில் பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து வளையம் மாட்டி விடுகிறார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுத்து பொறித்த கழுத்துப் பட்டையும் வண்ணக் கொடியும் மாட்டுகிறார்கள். நெல்லைச் சீமையில் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து வருவது. அதன் முதுகில் கருவி கட்டிப் பின்தொடர்ந்தபோது 7,000 மீட்டருக்கு மேலும் பறந்தது பதிவாகியிருக்கிறது. கழுத்துப் பட்டையோடு அப்படியொன்று நம் பக்கத் தண்ணீரில் இறங்கினால், பட்டையின் நிறத்தையும் எழுத்தையும் சரியாகப் படித்துச் சொன்ன ஒருவரால் ஒரு பயணத்தின் நடுப்பக்கம் கிடைத்துவிடும்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிவிடவும் கூடாது. கூடு கட்டும் இடத்தைச் சொல்லவே கூடாது. ஆற்று ஆலாவும் ஆட்காட்டியும் வெறுந்தரையில் முட்டையிடும். கர்நாடகத்தில் பத்ரா அணைக்குள் இருக்கும் திட்டுகளில் ஆற்று ஆலாக்கள் கூட்டமாக இனப்பெருக்கம் செய்கின்றன. மழை முந்தி மட்டம் ஏறினால் அந்தப் பருவத்து முட்டையும் குஞ்சும் போச்சு. தண்ணீருக்கே பயந்து வாழும் பறவைக்குக் கேமராக்காரர் கூட்டத்தையும் அனுப்பி வைக்க வேண்டுமா? சேற்றுத் திட்டில் தாய்ப்பறவை கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றினால் நாம் நிற்கும் இடம் தப்பு. படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, பின்வாங்கிவிட வேண்டும். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அவர்கள் யாரும் பைனாகுலர் வைத்திருப்பவர்கள் இல்லை.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையெல்லாம் எண்ணிப் பதிந்தால் போதும். காகமும் மைனாவும்கூடக் கணக்கு. வருகிற பொங்கலுக்குப் போடிப் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதும்போது தண்ணீரையும் எழுதுங்கள். கலுங்குக்கு எத்தனை அடி கீழே நிற்கிறது, சேறு எந்தப் பக்கம் தெரிகிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது, மடை திறந்திருக்கிறதா. கண்மாய்க்கு அணையைப் போல் தினசரிக் கணக்கு பத்திரிகையில் வருவதில்லை. ஐந்தாறு பேர் ஐந்தாறு வருஷம் இப்படி எழுதிவைத்தால், எந்த மட்டத்தில் எது வரும் என்று மீனாட்சிபுரம் கண்மாய்க்கும் பங்காருசாமி நாயக்கர் கண்மாய்க்கும் ஒரு பஞ்சாங்கமே போட்டுவிடலாம். அடுத்த முறை தூர் வாரும்போது, ஒரு ஓரத்தையாவது சரிவாக, ஆழமில்லாமல் விட்டுவைக்கச் சொல்லிக் கேட்க அந்தக் கணக்கு கையில் இருக்கும்.