சந்தோஷத்துக்கு ஒரு சாட்சி

1974. அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்குத் தோட்டத்தில் ஒரு விருந்து. மனநலத் துறையில் அப்போதுதான் உதவிப் பேராசிரியையான கே ரெட்ஃபீல்ட் ஜேமிசனும் வந்திருக்கிறார். வயது 28. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பேசுகிறார், சிரிக்கிறார், பம்பரமாகச் சுற்றுகிறார். தான் ஜொலிப்பதாக அவருக்கே நினைப்பு. அதே விருந்தில் இன்னொருவரும் இருந்தார், பிற்பாடு அவருக்கு வைத்தியம் பார்க்கப்போகிற டாக்டர். வழக்கத்துக்கு மாறான அலங்காரம், ஓயாத பேச்சு... இந்தப் பெண்ணுக்கு மேனியா போலிருக்கிறதே என்று அவருக்குத் தோன்றுகிறது.

ஒரே விருந்து, ஒரே ஆள். உள்ளேயிருந்து பார்த்தால் சந்தோஷம், வெளியிலிருந்து பார்த்தால் வியாதி!

ஜேமிசன் 1995-ல் எழுதிய ‘அன் அன்கொயட் மைண்ட்’ என்ற சுயசரிதையில் வருகிறது இது. பைபோலார் என்கிறார்களே, ஒரு பக்கம் தலைகால் புரியாத எழுச்சி, மறுபக்கம் பாதாளம், அந்த நோயைப் பாடமாக நடத்தும் பேராசிரியைக்கே அந்த நோய். தனக்குள் மேனியா ஏறுவது அவருக்கே பிடிபடவில்லை என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

புத்தகத்தைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் சனிக்கிரகத்தைச் சொல்வார்கள். மேனியாவின் உச்சத்தில் அதன் வளையங்களுக்கு நடுவே தான் பறந்ததை ஜேமிசன் எழுதியிருக்கும் அழகு அப்படி. எனக்கென்னவோ பில் வருகிற இடம்தான் பிடித்தது. (பி.காம். புத்தி, எங்கே போகும்?) பாம்புக்கடிக்கு முதலுதவிப் பெட்டி வாங்குகிறார். ஒன்றல்ல, பன்னிரண்டு! பென்குவின் கம்பெனிப் புத்தகங்கள் இருபது வாங்குகிறார். எதற்கு? பென்குவின்கள் கூட்டமாக வாழட்டுமே என்று! மேனியா இறங்கியபின் உலக வங்கியில் வேலை பார்த்த அண்ணன் வந்து, பில்களைத் தரையில் பரப்பிக் கணக்குப் போடுகிறார். கடனை அடைக்கத் தானே ஒரு கடனும் வாங்குகிறார். சிரித்துக்கொண்டே படிக்கிறோம். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. அப்படி ஒரு அண்ணன் எத்தனை பேருக்கு இருக்கிறார், சொல்லுங்கள்?

சரி, நிஜமான சந்தோஷத்தை எப்படித்தான் கண்டுபிடிப்பது? டாக்டர்கள் சில அடையாளங்கள் சொல்கிறார்கள். மூன்று மணி நேரத் தூக்கம், ஆனால் களைப்பே இல்லை. காரணமில்லாமல் கிளம்பி, நாள்கணக்கில் இறங்காத வேகம். வாய் முந்துகிறது, பணம் பறக்கிறது, தடுத்தால் சுள்ளென்று கோபம். எல்லாம் சரிதான். ஆனால், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வீட்டிலும் நாலு நாள் தூக்கமிருக்காது, பணமும் பறக்கத்தான் செய்யும்! அந்த டாக்டருக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் ஜேமிசனின் உற்சாகம் மட்டுமல்ல. முந்தைய ஒரு வருடமாக அடக்கமாக உடுத்திவந்த அதே ஜேமிசனை அவர் பார்த்திருந்தார். அளவுகோல் அடுத்தவர் சந்தோஷம் அல்ல; அந்த ஆளின் வழக்கமான நாள்.

இதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. இப்படி ஒரு சாட்சியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வாழ்வது லேசா? நோய் கட்டுக்குள் இருக்கிற பையன் ஒரு நாள் குளிக்கும்போது சத்தமாகப் பாடினால், சமையலறையிலிருந்து குரல் வருகிறது: “மாத்திரை போட்டியாப்பா?” அம்மா பாசத்தில்தான் கேட்கிறாள். அவன் பாட்டு நின்றுவிடுகிறது. அடுத்த முறை பாட்டு வரும்போது அவனே தன்னைக் கேட்டுக்கொள்கிறான்.

ஜேமிசன் 2004-ல் ‘எக்ஸூபரன்ஸ்’ என்று இன்னொரு புத்தகம் எழுதினார். உற்சாகத்துக்கென்றே ஒரு புத்தகம். அதில் வில்சன் பென்ட்லி வருகிறார். வெர்மான்ட் மாநிலத்து விவசாயி; பனித்துகள்களை 5,000-க்கும் மேல் படம் எடுத்தவர். நாற்பது வருடத்துக்கு மேல் அதே பனி, அதே பரவசம்! மேனியாவுக்கு இந்தப் பொறுமை கிடையாது. நாற்பது நிமிடத்தில் அடுத்ததுக்குத் தாவிவிடும். நல்ல உதாரணம்தான். ஆனால் அந்தப் புத்தகத்தில் பெரும்பாலும் சாதனையாளர்கள். குளியலறையில் பாடுகிற நம் பையனுக்கு அங்கே இடமில்லை.

அவனுக்கான இடம் முதல் புத்தகத்தில்தான் இருக்கிறது. மேனியாவின் ருசியை விடமுடியாமல் லித்தியம் மாத்திரையை நிறுத்தி நிறுத்திச் சீரழிந்து, தற்கொலை வரை போய் மீண்டு, பல வருடங்கள் கழித்து லண்டனில் இருக்கிறார் ஜேமிசன். டாக்டர் யோசனைப்படி (இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்) லித்தியத்தின் அளவு குறைகிறது. சில நாளில் ஹைட் பார்க்கில் ஏரிக்கரையோரம் நடக்கும்போது, தன் காலில் ஒரு துள்ளல் இருப்பதைக் கவனிக்கிறார். நாள்பட்ட திரை ஒன்று விலகிய மாதிரி காட்சியும் சத்தமும் தெளிவாகின்றன. படிக்கிற நமக்கு பக்கென்கிறது, மறுபடியுமா என்று. மறுபடி இல்லை. சும்மா, நடக்கப் பிடிக்கிறது, அவ்வளவுதான். சனிக்கிரகத்துக்குப் போன எழுத்து இங்கே ஒன்றிரண்டு பத்தியில் முடித்துக்கொள்கிறது. அங்கே ஐந்தாறு வரி குறைத்து, இந்த ஏரிக்கரையில் இன்னும் கொஞ்ச தூரம் நம்மைக் கூட்டிப்போயிருக்கலாம்.